எழுபத்திரண்டாவது மணி

மூன்று. ஒரே ஒரு சொல். வாயைத் திறந்து அதைச் சொல்லிவிட்டால் நஸ்ரின் எழுதிக்கொள்வாள், எழுதியாகிவிட்டால் முடிந்தது. எழிலரசி முகக்கவசத்துக்குள்ளேயே அந்தச் சொல்லை ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். உதடு துணியில் உரசியது. ஆய்வகத்து விலங்கு அறையின் சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பத்திரண்டு காட்டியது. பதினோரு மணிக்குத்தான் எழுபத்திரண்டாவது மணி. அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது, ரொம்பத் தள்ளியும் பார்க்கக் கூடாது. மூன்று நாளைக்கு முன்னால் இதே பதினோரு மணிக்கு அவள்தான் மூன்று முயல்களின் முதுகிலிருந்தும் கட்டைப் பிரித்தாள். நான்கு மணி நேரம் தோலோடு ஒட்டிக் கிடந்த ரசாயன மருந்தை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தாள். அதற்கு முந்தின நாள் முதுகு முழுக்க மயிரை மழித்ததும் அவள்தான். வலது பக்கம், 'எஸ்-17' என்று மட்டும் எழுதிய பாட்டிலிலிருந்து அரை மில்லி. இடது பக்கம், வெறும் தண்ணீர். பார்க்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். பார்க்கிறவர் எண்ணைச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். சிவப்பே இல்லையென்றால் பூஜ்யம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஒன்று. நன்றாகத் தெரிந்தால் இரண்டு. கொஞ்சம் பலமாக இருந்தால் மூன்று. பீட்ரூட் நிறத்துக்குப் போய்விட்டால் நான்கு. நேற்று முன்தினம் மூன்று முயலுக்கும் இரண்டு. நேற்றும் இரண்டு. அந்த இரண்டுகளில் பொய் கிடையாது, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். இன்றைக்கும் சேர்த்து மூன்று நாள் சராசரி எடுப்பார்கள். காலையில் பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டாயிற்று. இன்றைக்கு மூன்று என்றால் கூட்டுத்தொகை ஏழு. ஏழை மூன்றால் வகுத்தால் இரண்டு புள்ளி மூன்று மூன்று. சட்டம் கிழித்திருக்கிற கோடு இரண்டு புள்ளி மூன்று. இரண்டு முயல் அந்தக் கோட்டைத் தாண்டினால் போதும், அந்தத் திரவம் போகிற ஒவ்வொரு கேனிலும் 'தோலை எரிக்கும்' என்று ஆச்சரியக்குறிப் படம் ஒட்டியாக வேண்டும். ஒரு மயிரிழைதான். சிவப்பைக் கண்ணால் அளக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வேலி எதுவும் கிடையாது.

"என்னடி, கடிகாரத்தையே முறைக்கிறே? அது என்ன உன் மாமியாரா?" என்றாள் நஸ்ரின். எழுதுகிற அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் நீலக் குல்லாய், அதற்குக் கீழே கண்கள் மட்டும். "இன்னும் ஏழு நிமிஷம்" என்றாள் எழிலரசி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. பரீட்சையில் பக்கத்துத் தாளைக்கூடப் பார்த்ததில்லை. கல்லூரியில் ஆய்வகக் குறிப்பேட்டைப் பெண்கள் எல்லோரும் ஒருத்தியிடமிருந்து ஒருத்தி காப்பி அடிப்பார்கள், இவள் மட்டும் வராத விடையை வரவில்லை என்றே எழுதிக்கொண்டு போய்த் திட்டு வாங்குவாள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் பின்னால் தாங்க ஆள் இல்லை என்று அர்த்தம்; வழுக்கினால் நேரே தரைதான். அப்படிப்பட்டவளுடைய குரல் நடுங்கியிருக்க வேண்டாமா? அறை எப்போதும் போல இருபது டிகிரியில் இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. காதில் மார்க்கரால் எழுதிய எண்கள். முயல்கள் சத்தம் போடுவதில்லை. அதுதான் இந்த வேலையில் முதல் மாதம் அவளைத் தூங்கவிடாதது. நாய் என்றால் குரைக்கும், கோழி என்றால் கத்தி ஊரைக் கூட்டும். முயல் மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதன் சம்மதத்தை யாரோ கேட்டு வாங்கிவிட்ட மாதிரி. ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டுகிற மாதிரி. அம்மா மாதிரி.

பாட்டிலைத் திறந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. யார் அனுப்பியது, எதற்கான மருந்து என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கண் சாயும் என்று விதி. ஆனால் மூக்குக்கு யார் விதி போட்டார்கள்? மூடியைத் திருகினதும் அழுகின எலுமிச்சைத் தோலும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, முகக்கவசத்தையும் தாண்டி ஏறியது. எழிலரசி இந்த அறையிலேயே இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற அந்த டேனரியின் பின்கதவு, அம்மாவுக்கு இவள் கொண்டுபோகிற ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தூக்கு, உள்ளே நீள மேசைகளில் விரித்துப் போட்ட ஈரத் தோல்கள், மஞ்சள் கேனிலிருந்து வாளியில் ஊற்றின திரவத்தில் துணியை முக்கி முக்கித் தோலின் கொழுப்பைத் துடைக்கிற பெண்கள், அவர்களில் மூன்றாவதாக நிற்கிற அம்மா. பதினொரு வருஷம். அம்மா வீட்டுக்கு வரும்போது அவளுக்கு முன்னால் அந்த வாடைதான் வாசலில் நுழையும். குழந்தையில் அதுதான் அம்மாவின் வாசனை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை முகர்ந்தால்தான் தூக்கமே வரும். இப்போது நினைத்தால் குமட்டுகிறது, குமட்டுவதற்காக வெட்கமாகவும் இருக்கிறது. கை வெடித்து, வெடிப்பில் உப்பு பட்டால் அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். பிறகு கையால் சாப்பிட முடியாமல் போனது. கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்பூனை எடுப்பாள். "பச்சையம்மா இன்னா தொரசாணி ஆயிட்டாளா? ஸ்பூன்ல துன்றா!" என்று பந்தியே சிரிக்கும். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எழிலரசியால் மன்னிக்க முடியவில்லை. பந்தியைக்கூட மன்னித்துவிடலாம்.

அவன் வந்தது அவளுக்குப் பதிமூன்று வயதில். பெண்கள் நாலைந்து பேர் கை எரிகிறது என்று சொன்னதால், திரவம் விற்கிற கம்பெனியிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். ராஜமன்னார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தங்கச் சங்கிலி. எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்தான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான், என்னவோ பெரிய வித்தை காட்டப் போகிறவன் மாதிரி. வாளியில் ஒரு விரலை விட்டான், எடுத்தான், கைக்குட்டையால் துடைத்தான், விரலை உயரத் தூக்கிக் காட்டினான். "பாருங்கம்மா. எனக்கு ஏதாச்சும் ஆச்சா? என் விரல் இன்னா இரும்புலயா செஞ்சிருக்கு?" யாரோ சிரித்தார்கள். சோற்றுத் தூக்கோடு நின்ற எழிலரசி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. இரண்டு எண்ணுவதற்குள் விரல் வெளியே வந்துவிட்டது. அப்புறம் கம்பெனி டாக்டர் வந்து அம்மாவின் கையைத் தொடாமலே, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "செவப்பே இல்லியேம்மா. மருந்து ஒத்துக்கலன்னா செவக்கணும். உன் தோல் வாகு அப்படி." அம்மா சொன்னாள், "ஆமாங்க." ஆமாங்க! கறுப்புக் கையில் சிவப்பு எங்கிருந்து தெரியும் என்று கேட்க அந்த மேசையைச் சுற்றி ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவளுக்கே அது தோன்றப் பத்து வருஷம் ஆனது, கல்லூரி முடிக்க வேண்டியிருந்தது, வெள்ளை முயலின் முதுகில் சிவப்பு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தோல் வாகு. அடுத்த மாதம் அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

முயல்களுக்கு மருந்து தடவிய அன்று காலை அதே ராஜமன்னார் இங்கே வந்தான். தலை நரைத்திருந்தது, சங்கிலி இருந்தது. ஆய்வை நடத்துகிற தணிகாசலம் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவனுக்கு அறையைக் காட்டிக்கொண்டிருந்தார். புது வகை, பழையதை மாற்றிச் செய்தது, ரொம்ப மென்மையானது என்று அவன் சொன்னது கண்ணாடி ஓரத்து ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் அறையை விட்டு வெளியே வந்தபோது அவளைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்குங்க மேடம், நம்ம குழந்தைங்க மாதிரி" என்று முயல்களைக் காட்டிச் சிரித்தான். மேடம். அவள் முகம் அவனுக்கு ஞாபகம் வர நியாயமில்லை. சோற்றுத் தூக்கை யார் பார்க்கிறார்கள்? அன்று முதல் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் பசியும் இல்லை, வயிறு நிறைய ஏதோ தின்றுவிட்ட மாதிரி ஒரு கனம். அவனை மனசுக்குள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அவனுடைய இரண்டு கையையும் அந்த வாளியில் எட்டு மணி நேரம் பிடித்து வைத்தாள். அவனைப் பந்தியில் உட்காரவைத்து ஸ்பூன் கொடுத்தாள். அவன் மகளுக்குக் கல்யாணம், இலையில் எல்லோரும் பார்க்கிறார்கள், அவன் சிரிக்கிறான். சிரிடா. எல்லாம் பேருந்து சுங்கச்சாவடியில் நிற்பதற்குள் நடந்து முடிந்துவிடும். பிறகு சட்டென்று கணக்கு ஞாபகம் வரும். இவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு எண் போதும். கையை முறுக்க வேண்டாம், கத்த வேண்டாம். அவன் இரண்டு எண்ணுவதற்குள் பொய்யைச் சொல்லிவிட்டுப் போனான். அதே அளவு நேரம் எனக்கும் போதும். இன்றைக்கும் வந்திருக்கிறான். மாடியில் தணிகாசலம் சாரோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறான். முடிவைக் கையோடு வாங்கிப் போக.

"மணி பதினொண்ணு" என்றாள் நஸ்ரின். எழிலரசி நாற்பத்தொன்றைப் பிடரியிலும் பின்பக்கத்திலும் சேர்த்துத் தூக்கி மேசையில் வைத்தாள். விளக்கை இழுத்தாள். வெளிறின தோல். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம்… அவள் குனிந்தாள். நேற்றைய சிவப்பு எங்கே போனது? ஓரத்தில் ஒரு மங்கல், சந்தேகமான ஒரு மங்கல், அவ்வளவுதான். ஒன்று. தாராளமாக வைத்தால் ஒன்று. அவளுக்கு முயலின் மேலே கோபம் வந்தது. அவ்வளவு சீக்கிரம் ஆறிவிட்டாயா? அவனுக்காகவா ஆறினாய்? நீயும் ஆமாங்க என்கிறாயா? விளக்கைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். சிவப்பு வந்தபாடில்லை. பின்னால் நஸ்ரினின் பேனா மூடி கிளிக் என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. சொல். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது? "நாற்பத்தொன்று, வலது. சிவப்பு மூன்று" என்றாள். "மூணு" என்றாள் நஸ்ரின், எழுதினாள், பேனா காகிதத்தில் ஓடுகிற ஓசை கேட்டது. "ஏறிடுச்சா? நேத்து ரெண்டுதானே?" "ஏறிடுச்சு." "பாவம்டி அது." "வீக்கம் பூஜ்யம்" என்றாள் எழிலரசி. "பூஜ்யம்." அவ்வளவு சுலபம். இடி விழவில்லை. காதுமடல் மட்டும் சூடாக இருந்தது. ஒன்று முடிந்தது, இன்னும் ஒன்று. அவன் டீக் கோப்பையை வைப்பான், படியிறங்கி வருவான், தாளைப் பார்ப்பான், முகம்… முகம் எப்படிப் போகும்? அவள் அந்த முகத்தைச் செய்து பார்த்தாள், வரவில்லை. விரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

நாற்பத்திரண்டு துள்ளியது. அதை அமர்த்துவதற்காகக் கையை முதுகின் மேல் வைத்து, கழுத்திலிருந்து கீழே ஒருமுறை தடவினாள். சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை, பார்த்து என்ன ஆகப் போகிறது, மூன்று என்று சொல்லத்தானே போகிறாள். வலது பக்கத்தில் கையுறை மாட்டியது. மெல்லிய ரப்பர் எதிலோ பிடித்து இழுபட்டு விட்டது. சர்ர். அவள் கையை எடுத்தாள். மறுபடி தடவினாள். சர்ர். இடது பக்கம் தடவினாள், வழுக்கிக்கொண்டு போனது. வலது. சர்ர். அந்த ஓசை அவளுக்குத் தெரியும். எங்கே? எங்கே? பட்டமளிப்பு அன்று, வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியோடு வெளியே வந்தபோது அம்மா தலையைத் தடவினாள். தலைமயிர் அம்மாவின் உள்ளங்கையில் மாட்டி நாலு இழை பிடுங்கிக்கொண்டது. "ஐயோ, வலிச்சுதாடி? என் கையி முள்ளு கணக்கா கீது" என்று அம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள், நைலான் சேலை, அதிலும் மாட்டியது. சர்ர். எழிலரசி விளக்கை மேலேயிருந்து எடுத்துப் பக்கவாட்டில், தோல் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். வெளிச்சம் படுக்கையாக ஓடியது. அங்கே இருந்தது. சிவப்பு இல்லை. சதுரம் முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளைச் செதில், மீன் செதில் மாதிரி, காய்ந்த ஏரி மாதிரி நடுவில் மெல்லிய கோடுகள். வெள்ளைத் தோலில் வெள்ளை. நேராக வெளிச்சம் போட்டால் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. சிவப்பைத் தேடுகிற யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லையே என்று அவள் நினைத்தாள். அந்த டாக்டர் பார்த்த மாதிரியேதான் நானும் பார்த்தேன். அவர் இல்லாத சிவப்பைத் தேடினார், நான் இல்லாத சிவப்பை எழுதினேன்.

"என்னடி ஆச்சு? நம்பர் சொல்லு." "இரு." நாற்பத்துமூன்றைப் பக்கத்தில் வைத்தாள். வலது, சர்ர். இடது, ஒன்றுமில்லை. நாற்பத்தொன்றைத் திரும்ப எடுத்தாள், அதன் வலது பக்கம் இருக்கிறதிலேயே அதிகம் சொரசொரத்தது, அதற்குத்தான் பொய் எழுதினாள், உண்மை அங்கேயே உட்கார்ந்திருந்தது. தாளில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, 'பிற மாற்றங்கள்' என்று. வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் யாரும் அதில் ஒரு கோட்டுக்கு மேல் போட்டு அவள் பார்த்ததில்லை. செதில் இருந்தால் எழுபத்திரண்டு மணியில் ஆய்வை மூடக் கூடாது. பதினான்காம் நாள் வரை பார்க்க வேண்டும். அன்றைக்கும் இரண்டு முயலில் தோல் ஆறாமல் இருந்தால், சராசரி என்னவாக இருந்தாலும் சரி, படம் ஒட்ட வேண்டும். விதிப்புத்தகத்தில் அந்த வரிக்கு அடியில் அவளே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். பயந்தவள்தானே, எல்லா வரிக்கும் அடியில் கோடு போடுகிறவள். மூன்று நாளாக அந்த வரி அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று என்ற எண் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நஸ்ரின், நாற்பத்தொன்று தப்பு. மூன்று இல்லை, ஒன்று." பேனா நின்றது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சுருங்கின. "இங்க்ல எழுதிட்டேன்டி. நீ சொன்னே, நான் திருப்பிச் சொன்னேன்." "தெரியும். அடி." "அடிச்சா பக்கத்துல காரணம் எழுதணும். 'எழுத்துப் பிழை'ன்னு போட்டா என் தலையில விடியும். ஏற்கெனவே போன மாசம் எனக்கு ஒரு மெமோ விழுந்திருக்கு." "உன் தலையில வேண்டாம். குடு." எழிலரசி அட்டையை வாங்கினாள். மூன்றின் குறுக்கே ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் முறை. பொய்யை அழிக்க விடமாட்டார்கள், கோடு போட்டு எல்லோரும் பார்க்க வைத்துவிடுவார்கள். பக்கத்தில் 1. தேதி, நேரம், சுருக்கொப்பம். காரணம்: 'பார்த்தவரின் தவறு'. அட்டையை நஸ்ரினிடம் நீட்டினாள். அவனுக்கு ஒரு ஓட்டையை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றை ஒன்றாக மாற்றினவள் செதில் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்பான். கேட்கட்டும். தணிகாசலம் சார் ஏன் மூன்று சொன்னாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நிஜமான பதிலைச் சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வது? அதை அப்புறம் பார்க்கலாம். "எழுது. நாற்பத்தொன்று, பிற மாற்றங்கள்: வலது பக்கம் செதில், தோல் தடிப்பு. இடது பக்கம் இல்லை. நாற்பத்திரண்டு: சிவப்பு பூஜ்யம், வீக்கம் பூஜ்யம், வலது பக்கம் செதில். நாற்பத்துமூன்று: சிவப்பு ஒன்று, வீக்கம் பூஜ்யம், வலது பக்கம் செதில்." "செதில்" என்று நஸ்ரின் மூன்று முறையும் திருப்பிச் சொன்னாள். பிறகு அவளே எழுந்து வந்து, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்பத்திரண்டின் முதுகைத் தடவினாள். "யா அல்லா, உப்புத்தாள் மாதிரி இருக்கு. இதை நேத்து நாம பாக்கலையே." "நேத்து சிவப்பைப் பாத்துக்கிட்டிருந்தோம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிழல் வந்து நின்றன. தணிகாசலம் சாரும், வெள்ளைச் சட்டையும். ஒலிபெருக்கி கரகரத்தது. "முடிஞ்சுதாம்மா? சார் கிளம்பணுங்கறார்." "முடியலை சார். செதில் இருக்கு. மூணுலயும். பதினாலு நாள் பாக்கணும்." சார் கண்ணாடிக்குக் கிட்டே வந்தார். "மயிர் மழிச்ச கிளிப்பர் பட்டு வந்ததா இருக்கும்மா." "ரெண்டு பக்கமும் ஒரே கிளிப்பர்தான் சார். இடது பக்கம் இல்லை." அதற்குள் ராஜமன்னார் கண்ணாடியில் நெற்றியை வைத்து, கையைப் புருவத்துக்குக் கொடுத்து உள்ளே பார்த்தான். அவன் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது. அதே சிரிப்பு. "நல்லாத்தானே இருக்கு மேடம். செவப்பே இல்லியே!" பத்து வருஷம் அந்த வாக்கியம் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி வந்து நின்றது. இவ்வளவு நாளும் அதற்குப் பதிலாக என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தாள், வாளி, பந்தி, ஸ்பூன். அதையெல்லாம் விட்டாள். நாற்பத்திரண்டை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடி அருகே கொண்டுபோய், அதன் வலது முதுகு அவன் பக்கம் இருக்கும்படி பிடித்தாள். முயல் மூக்கை ஆட்டியது. "பாத்தா தெரியாது சார். உள்ள வாங்க. கையுறைகூட வேண்டாம். அந்த விரலால ஒருதரம் தடவிப் பாருங்க."

எந்த விரல் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் புருவத்தில் வைத்திருந்த கையை அவன் இறக்கினான். இறக்கின கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. "பரவால்ல, பரவால்ல மேடம். நீங்க சொன்னா சரி" என்றான். சார் அவனைப் பார்த்தார், பிறகு அவளையும், நஸ்ரின் கண்ணாடிப் பக்கம் பிடித்திருந்த தாளில் இருந்த அடித்தலையும் பார்த்தார். "எழிலரசி, தாளை எடுத்துக்கிட்டு மேல வா. அந்த அடித்தல் என்னன்னு பேசணும்." "வரேன் சார்." எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான், வாடையிலிருந்து ஆரம்பித்து. சொன்ன பிறகு இந்த அறைக்குள் அவளை விட மாட்டார்கள், மீதிப் பதினொரு நாளும் வேறு யாராவது பார்ப்பார்கள். "நஸ்ரின், நான் இல்லாட்டியும் விளக்கைப் பக்கவாட்டுலதான் பிடிக்கணும். சொல்லு." "பக்கவாட்டுல" என்று நஸ்ரின், ஏன் எதற்கு என்று கேட்காமல், வழக்கப்படி திருப்பிச் சொன்னாள். எழிலரசி முயலைக் கூண்டில் விட்டாள். அது மூலைக்குப் போய் மழித்த முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இன்னும் பதினொரு நாள் உனக்கு, என்று அவள் அதனிடம் மனசுக்குள் சொன்னாள், ஆறாதே. சொன்ன பிறகுதான், தான் கேட்டது அதன் வலியை என்று உறைத்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். எடுக்கவில்லை.